பிடிமானத்தின் வரலாறு

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் கண்ணமங்கலத்தைத் தாண்டி, சந்தவாசலில் மேற்கே திரும்பினால் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் படவேடு வந்துவிடும். படைவீடு என்ற சொல்தான் மருவிப் படவேடு ஆயிற்று. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் தொண்டை மண்டலத்தில் ஓங்கியிருந்த சம்புவராயர்களுக்கு இதுவே தலைநகர். ராஜகம்பீரன் மலை அவர்களுக்கு அரணாக நின்றது. விஜயநகரத்து இளவரசன் குமார கம்பணன் 14ஆம் நூற்றாண்டில் படையெடுத்து வந்து அந்த அரணை வென்றான். இன்று இவ்வூர் ரேணுகாம்பாள் கோயிலுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் பேர் பெற்றது. ஆடி வெள்ளிகளில் இந்தச் சின்னச் சாலை முழுக்க வண்டிகளாக இருக்கும். பக்கத்தில் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைப்பாதையோ ஆண்டு முழுவதும் வண்டிகளைச் சோதித்துக்கொண்டே இருக்கிறது. நெரிசலில் ஊர்ந்து, பிறகு சரிவில் ஏறும் ஒரு காரில் எந்த உறுப்பு அதிகம் அடிபடும் என்று கேட்டால், கிளட்ச் என்றுதான் விடை சொல்ல வேண்டும். கம்பெனி கொடுத்த கிளட்ச்சைக் கழற்றிவிட்டு, அதைவிட வலுவான ஒன்றை வீட்டுக் கொட்டகையிலேயே மாட்டிக்கொள்ளும் வேலையைச் சிலர் இளைஞர்களின் வேக மோகம் என்று ஒதுக்குகிறார்கள். மேலைநாட்டிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பொழுதுபோக்கு என்று சொல்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இரண்டுமே தவறான கணிப்பு. இந்த வேலையைப் பெற்றெடுத்தது பற்றாக்குறை, வளர்த்தது பந்தயம். இதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் கைத்தொழில் வரலாறு பின்னால் இருக்கிறது. அந்த வரலாறு எழுதப்படவில்லை, எழுதப்பட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

வாதத்துக்குள் போகுமுன் கிளட்ச்சின் வேலையைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், சக்கரம் நிற்க வேண்டியிருக்கும். இந்த இரண்டையும் சேர்த்தும் பிரித்தும் வைப்பது கிளட்ச். இன்ஜினோடு சுழலும் பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே, இரு முகத்திலும் லைனிங் ஒட்டிய கிளட்ச் பிளேட் ஒன்று ஸ்பிரிங்கின் விசையால் நெருக்கப்பட்டிருக்கிறது. பெடலை மிதித்தால் நெருக்கம் தளரும், விட்டால் இறுகும். தளர்வுக்கும் இறுக்கத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில் லைனிங் உரசித் தேய்கிறது, சூடாகிறது. சமதளத்தில் நிற்கும் வண்டியைக் கிளப்பும்போது, வண்டி எவ்வளவு இயக்க ஆற்றலைப் பெறுகிறதோ ஏறக்குறைய அவ்வளவு ஆற்றல் கிளட்ச்சில் வெப்பமாகப் போகிறது. சரிவில் பிரேக்கை விட்டுவிட்டு ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்திப் பிடிக்கும் ஓட்டுநர், இன்ஜின் தரும் ஆற்றல் அத்தனையையும் ஓர் அடிகூட நகராமல் லைனிங்கில் கொட்டி எரிக்கிறார். மலையடி ஊர்களில் லைனிங் கருகும் வாடை அடிக்கடி எழுவதற்குக் காரணம் இதுதான். ஒரு கிளட்ச் எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கும் என்பது நான்கு காரணிகளின் பெருக்குத்தொகை: லைனிங்கின் உராய்வுத்தன்மை, ஸ்பிரிங்கின் அழுத்தம், உரசும் வட்டத்தின் சராசரி ஆரம், உரசும் முகங்களின் எண்ணிக்கை. ஆகவே கிளட்ச்சை வலுப்படுத்தும் வழிகளும் நான்குதான். கெட்டியான ஸ்பிரிங் போடலாம். உலோகத் துகளால் ஆன பட்டன் போன்ற கடினமான லைனிங் வைக்கலாம். விட்டத்தைக் கூட்டலாம். ஒரு பிளேட்டுக்குப் பதில் இரண்டு பிளேட் வைக்கலாம். இன்று கடையில் 'பெர்ஃபார்மன்ஸ் கிளட்ச்' என்ற பெயரில் விற்கும் எல்லாமே இந்த நான்கின் சேர்க்கைதான். கிளட்ச் இன்ஜினுக்கு ஒரு குதிரைத்திறன்கூடக் கூட்டித் தராது. இன்ஜின் தருவதைச் சிந்தாமல் சக்கரத்துக்குக் கொண்டுசேர்ப்பது மட்டுமே அதன் கடமை.

இந்த எளிய இயற்பியல் தமிழ்நாட்டுக் கொட்டகைகளுக்குப் பாடப்புத்தகம் வழியாக வரவில்லை. பஸ் வழியாக வந்தது. 1911இல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம் விரைவிலேயே பஸ் விட்டது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஜி.டி.நாயுடு 1920இல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சியிலிருந்து தொழிலை ஆரம்பித்தார். அந்த வண்டிகள் கடல் கடந்து வந்தவை. பாகம் ஒன்று உடைந்தால் மாற்றுப் பாகமும் கடல் கடந்துதான் வர வேண்டும். கப்பலுக்காகக் காத்திருந்தால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் வருமானம் நிற்கும். உடைந்ததை உள்ளூர் லேத்தில் கடைந்து போட்டாலொழிய பஸ் தொழில் நடக்காது என்ற நிலையில்தான் இங்கே மெக்கானிக் என்ற தொழிலாளி உருவானார். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்காமல் போனதும் இந்த அறிவு அடுத்த படிக்கு ஏறியது. வண்டியின் பின்னால் அடுப்புக்கரி உலையைப் பொருத்தி, அதில் எழும் வாயுவில் இன்ஜினை ஓட்டும் 'கேஸ் பிளாண்ட்'டை டி.வி.எஸ். நிறுவனம் தயாரித்து விற்றது. கரி பஸ் என்ற பெயரோடு அந்த வண்டிகள் தமிழகச் சாலைகளில் ஓடின. கரிவாயுவில் இன்ஜினின் பலம் கணிசமாகக் குறையும். மேடு ஏற வேண்டுமானால் கியரையும் கிளட்ச்சையும் ஓயாமல் கையாள வேண்டும். எரிபொருளையே மாற்றி வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரு சமூகம், கம்பெனி செய்ததைத் தொடக்கூடாது என்ற பயத்தை அப்போதே விட்டுவிட்டது. பிற்காலத்தில் கிளட்ச்சுக்குக் கெட்டியான ஸ்பிரிங் தேடிய கை, போர்க்காலத்தில் கரி உலை கட்டிய கையின் வாரிசு.

விடுதலைக்குப் பின் பற்றாக்குறை அரசின் கொள்கையாகவே ஆனது. முழுதாகக் கட்டப்பட்ட கார்களின் இறக்குமதி தடுக்கப்பட்டது. இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத வெளிநாட்டு நிறுவனங்கள் 1950களின் நடுவில் வெளியேறின. எஞ்சியவற்றுள் மூன்று கார்கள் நாட்டை ஆண்டன: கல்கத்தா அருகே உத்தர்பாராவில் செய்த அம்பாசடர், பம்பாயில் செய்த ஃபியட், சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் செய்த ஹெரால்டு. 1948இல் தொடங்கிய அந்த நிறுவனம் 1961இல் ஹெரால்டை வெளியிட்டது. இன்ஜின் 948 சிசி. இந்தக் கார் நம் வரலாற்றுக்கு முக்கியமானது, காரணம் அதன் உடலமைப்பு. பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே தொகுதியாக முன்னோக்கித் திறந்துகொள்ளும், இன்ஜினின் பக்கத்தில் நின்றபடியே வேலை பார்க்கலாம். கிளட்ச் வேலையிலோ அதைவிடப் பெரிய வசதி ஒன்று இருந்தது. முன் சீட்டுகளை எடுத்துவிட்டு, நடுவே மேடாக இருக்கும் கியர் பாக்ஸ் மூடியைக் கழற்றினால், கியர் பாக்ஸையே காருக்குள்ளிருந்து வெளியே எடுத்துவிடலாம். பிட் தேவையில்லை, வண்டியைத் தூக்கி நிறுத்தும் எந்திரமும் தேவையில்லை. ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் போல்ட்டுகள், ஸ்பீடாமீட்டர் கேபிள், கிளட்ச்சின் ஸ்லேவ் சிலிண்டர், பிறகு பெல் ஹவுசிங்கைச் சுற்றியுள்ள போல்ட்டுகள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினால் கியர் பாக்ஸ் பின்னுக்கு நகர்ந்து வரும். இரண்டு பேர் தூக்கி வைத்துவிடலாம். திண்ணை வைத்த வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் கிளட்ச் மாற்ற ஹெரால்டின் அமைப்பு இடம் கொடுத்தது. வீட்டில் கிளட்ச் மாற்றுவது என்ற வழக்கத்துக்கு இங்கே வாசல் திறந்தது வண்டலூரில் செய்த இந்தக் கார்தான்.

கழற்ற வசதி இருந்தால் போதாது, மாட்டப் பொருள் வேண்டும். அதைத் தந்தவை பாடியும் அம்பத்தூரும். 1960களின் முதல் பாதியில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகியவை அடுத்தடுத்து எழுந்தன. 1964இல் தொடங்கப்பட்ட ரானே பிரேக் லைனிங் நிறுவனம் பிரேக்குக்கு மட்டுமின்றிக் கிளட்ச்சுக்கும் லைனிங் செய்தது. கப்பலில் வந்துகொண்டிருந்த தேய்மானப் பொருள் சென்னையின் எல்லையிலேயே கிடைக்கலாயிற்று. தொழிற்சாலையிலிருந்து அது ஜெனரல் பேட்டர்ஸ் சாலை உதிரிபாகக் கடைகளுக்கு வந்தது. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டை, புதிய பாகம் வாங்க முடியாதவருக்கும், வேறொரு வண்டியின் பாகத்தைத் தன் வண்டியில் பொருத்த நினைப்பவருக்கும் சந்தையாக நின்றது. தேய்ந்த கிளட்ச் பிளேட்டைத் தூக்கி எறியும் பழக்கம் அன்று இல்லை. பழைய ரிவிட்டுகளைத் துளையிட்டு எடுத்து, இரும்புத் தட்டைக் கோணல் இல்லாமல் நிமிர்த்தி, புது லைனிங்கை வைத்து மறுபடி ரிவிட் அடிப்பார்கள். இந்த லைனிங் அடிக்கும் வேலையைக் கூர்ந்து பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். எந்த லைனிங்கை வைப்பது, எவ்வளவு தடிமனில் வைப்பது, ஸ்பிரிங்கை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் அங்கே மெக்கானிக்தான், கம்பெனி இல்லை. பழுதுபார்ப்பதற்கும் மேம்படுத்துவதற்கும் இடையில் கோடு கிழிப்பது கடினம். வாடகைக் காருக்குச் சற்றுக் கடினமான லைனிங்கைத் தேர்ந்தெடுத்த கணமே அந்தக் கை மேம்படுத்தும் கையாக மாறிவிட்டது. அதற்குப் பெயர் மட்டும்தான் இல்லை.

பெயர் கொடுத்தது சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போருக்காக அமைத்த விமான ஓடுபாதை போர் முடிந்ததும் சும்மா கிடந்தது. 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத் திடலாக்கியது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் நாட்டின் முதன்மையான கார், பைக் பந்தயங்கள் அங்கே நடந்தன. தெருவில் ஓடிய அதே ஹெரால்டும் ஃபியட்டும் அம்பாசடரும்தான் அங்கும் பெரும்பாலும் ஓடின, ஏனென்றால் நாட்டில் வேறு கார் எளிதில் கிடைக்கவில்லை. சிலிண்டர் ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷனைக் கூட்டுவது, இரட்டைக் கார்புரேட்டர் வைப்பது, கேம் ஷாஃப்டை மறுபடி இழைப்பது, பிளைவீலைக் கடைந்து எடையைக் குறைப்பது ஆகியவை அக்காலப் பந்தயக் கார்களில் பொதுவாக நடந்த வேலைகள். இவற்றால் இன்ஜினின் பலம் கூடும். கூடிய மறுகணமே கம்பெனி கிளட்ச் வழுக்கத் தொடங்கும், ஏனென்றால் அதன் தாங்குதிறன் பழைய பலத்துக்குக் கணக்கிட்டது. கொடி அசைந்த நொடியில் அதிவேகத்தில் சுழலும் இன்ஜினை நிற்கும் சக்கரத்தோடு இணைக்கும் பந்தயத் தொடக்கம், மலைச்சரிவின் சோதனையைச் சில நொடிகளுக்குள் சுருக்கி நடத்துவதாகும். ஆகவே வலுவான கிளட்ச் பந்தயக்காரரின் ஆடம்பரமாக வரவில்லை. மற்ற மாற்றங்கள் அனைத்தும் வீணாகாமல் காக்கும் கடைசிக் கண்ணியாக வந்தது. ரேசிங் கிளட்ச் என்று எதுவும் கடையில் விற்காத அந்தக் காலத்தில் அதைச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. பற்றாக்குறை கற்றுக்கொடுத்த லேத் வேலையும் லைனிங் வேலையும் அங்கேதான் வேகத்தோடு கைகோத்தன.

இதே கதையின் இரண்டாம் பாகம் கோயம்புத்தூரில் நடந்தது. பம்பு செட்டும் பஞ்சாலை எந்திரமும் வளர்த்த அந்த நகரத்தில் வார்ப்படச் சாலைக்கும் லேத் பட்டறைக்கும் பஞ்சமில்லை. ஜி.டி.நாயுடு 1937இல் மின் மோட்டார் செய்து காட்டிய ஊர் அது. லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்த எஸ்.கரிவரதன் அங்கே பந்தயக் கார்களை வடிவமைத்தார். சோழவரத்தில் ஓட்டிப் பெயர் பெற்றவர் அவர். வெளிநாட்டு எந்திரத்தை வாங்கிக் கொட்டும் வசதி இருந்தும், அவர் செய்த மிகப் பெரிய காரியம் மாருதி 800இன் இன்ஜினை எடுத்து உருவாக்கிய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதியின் 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின், 1988 வாக்கில் ஃபார்முலா மாருதியாக ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தது. இதன் பொருளாதாரம்தான் இதில் முக்கியம். எந்த ஊரிலும் கிடைக்கும் இன்ஜின், எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பழகிய பாகங்கள் என்பதால் பந்தயம் பணக்காரரின் தனிச்சொத்தாக இருக்க வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. 1990இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே கட்டிய தடம் திறக்கப்பட்டதும் ஓட்டம் சோழவரத்தை விட்டு அங்கே மாறியது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதியில் தொடங்கி, 2005இல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவரதன் 1995இல் விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையத்தில் 2003இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்குகிறது. வீட்டுக் கொட்டகைக்கும் உலக மேடைக்கும் இடையே ஒரு பாதை இருந்தது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று தேவையில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். சோழவரத்தில் ஓட்டியவர்கள் ராஜ குடும்பத்தாரும் ஆலை முதலாளிகளும்தானே, 1980களில் விஜய் மல்லையா ஃபார்முலா 1 காரையே கொண்டுவந்து ஓட்டிய இடத்தைப் பற்றாக்குறையின் பள்ளிக்கூடம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஓட்டியவர்களின் பட்டியலை மட்டும் பார்த்தால் அது மேட்டுக்குடியின் விளையாட்டாகத்தான் தெரியும். ஆனால் ஒரு காரின் கிளட்ச்சை ஓட்டுநரின் செல்வம் மாட்டுவதில்லை. பந்தயத்துக்கு முந்தின இரவு கியர் பாக்ஸை இறக்கி, பிளைவீலின் முகத்தில் வெப்பத்தால் நீலம் பாரித்த திட்டுகள் இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்து, பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, பிளேட் நடுமையத்தில் நிற்கிறதா என்று பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றைச் செருகிச் சரிபார்க்கும் கை வேறு. அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்கள் பரிசுக் கோப்பையில் பெயர் பொறிக்கப்படாதவர்கள். பந்தயம் முடிந்து திங்கட்கிழமை அவர்கள் திரும்பிப் போனது வாடகைக் காரும் லாரியும் நிற்கும் அதே பட்டறைகளுக்கு. சனி, ஞாயிறில் கற்றதை வார நாளில் பயன்படுத்தாமல் இருக்க எந்தத் தொழிலாளியாலும் முடியாது. மேட்டுக்குடியின் பணம் பந்தயத்தை நடத்தியது உண்மை. அறிவு தங்கிய இடமோ பட்டறை. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எழுதப்படும் பந்தய வரலாறு ஓட்டுநர்களின் வரலாறாக மட்டும் சுருங்கிவிடும்.

இன்னொரு மறுப்பு, இது இறக்குமதியான மோகம் என்பது. 1991க்குப் பின் சந்தை திறந்தது, 1993இல் கார் உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை என்றானது, 1998இல் பந்தயத் தடம் இருக்கும் அதே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோவைச் செய்யத் தொடங்கியது. புதுக் கார்களோடு பெட்டியில் அடைத்த ரேசிங் கிளட்ச்சுகளும் வந்தன என்பது மெய்தான். ஆனால் பெட்டி வந்த தேதியை அறிவு வந்த தேதியாகக் கொள்ள முடியாது. வெளிநாட்டிலும் இந்தப் பழக்கம் வசதியில் பிறந்ததில்லை. போருக்குப் பின் பிரிட்டனில் புதுக் கார் கிடைக்காத காலத்தில்தான் பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்துப் பந்தயக் காராக்கும் வழக்கம் பரவியது. நமக்கு நெருங்கிய சான்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. 1990களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோலும் பேட்டரியும் உதிரிபாகமும் வராமல் போனபோது, அங்குள்ள தமிழர்கள் பழைய ஆஸ்டின், மொரிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில துளி பெட்ரோலை விட்டு இன்ஜினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மதுரையின் கரி பஸ்ஸுக்கும் யாழ்ப்பாணத்தின் மண்ணெண்ணெய்க் காருக்கும் இடையே அரை நூற்றாண்டும் ஒரு கடலும் இருக்கின்றன, வேலையின் தர்க்கம் ஒன்றே. இல்லாமை வந்தபோது வண்டியைத் தள்ளி வைக்காமல், வண்டியையே மாற்றியிருக்கிறார்கள். இதை இறக்குமதி என்று சொல்ல வரலாறு இடம் தரவில்லை.

சட்டமும் பாதுகாப்பும் சார்ந்த மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று தண்டனை வகுத்தது. கிளட்ச் பதிவுச் சான்றில் எழுதப்படும் விவரமில்லை. ஆனால் வலுவான கிளட்ச்சைத் தேவைப்படுத்தும் இன்ஜின் மாற்றங்கள் இந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வரக்கூடியவை, அவற்றின் இடம் பந்தயத் தடமே தவிர பொதுச்சாலை அல்ல. உடல்நலக் கேடும் உண்டு. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. அதன் தூசியைக் காற்றடித்து ஊதிச் சுத்தம் செய்த பட்டறைப் பழக்கம் நுரையீரலுக்குள் புற்றுநோய் அபாயத்தை விதைத்தது. அந்தத் தொழிலாளர்களைப் புகழும்போது இந்தக் கடனையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எந்திரமும் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். கெட்டியான ஸ்பிரிங் போட்டால் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விசை கிராங்க் ஷாஃப்டை முன்னோக்கித் தள்ளும். அதைத் தாங்கும் த்ரஸ்ட் வாஷர்கள் ஹெரால்டு வகை இன்ஜின்களின் பலவீனமான இடம். அவை தேய்ந்து விழுந்தால் இன்ஜினே பாழ். கிளட்ச்சை வலுப்படுத்தியவர் கிராங்க்கின் ஆட்டத்தையும் அளந்து பார்த்தே ஆக வேண்டும். இந்த எச்சரிக்கைகள் என் வாதத்தைத் தளர்த்தவில்லை. ஒரு மாற்றம் அடுத்த பாகத்தின் மேல் ஏற்றும் சுமையைக் கணக்கிடுவதுதான் பொறியியல். அதைச் செய்யாதவரைத் தண்டிக்க எந்திரமே போதும். கணக்கிட்டுச் செய்தவர்களை அறிவற்ற வேக வெறியர் வரிசையில் நிறுத்துவதே அநீதி.

கடைசியாக, இந்தத் தொழிலே முடிந்துபோனதுதானே என்பார்கள். முடியப்போகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாருதியில் தொடங்கிய முன்சக்கர இயக்கம், கிளட்ச் மாற்ற வேண்டுமென்றால் டிரைவ் ஷாஃப்டுகளையும் அவிழ்த்து வண்டியை உயரத்தில் நிறுத்தும் நிலையை உண்டாக்கியது. இன்றைய டீசல் கார்களின் இரட்டை நிறை பிளைவீல், லேத்தில் கடைந்து சீர்செய்யும் பழைய வழக்கத்துக்கு இடம் தருவதில்லை. 2014இல் செலேரியோவோடு வந்த ஏ.எம்.டி. முறையில் கிளட்ச்சை அமுக்குவது எந்திரம், பெடலே இல்லை. மின்சாரக் காரில் கிளட்ச்சே இல்லை. ஜவ்வாது மலைச்சரிவில் ஹாஃப் கிளட்ச்சில் தவிக்கும் காட்சி இன்னும் ஒரு தலைமுறைக்குமேல் நீடிக்காது என்றே நினைக்கிறேன். ஒரு தொழில் மறையும் காலமே அதன் வரலாற்றை எழுத வேண்டிய காலம். கோயம்புத்தூரில் ஜி.டி. அருங்காட்சியகம் பழைய கார்களைப் பளபளப்போடு காக்கிறது, அது பெரும் பணி. ஆனால் கார்களைக் காப்பதும் கார்களைத் திருத்திய அறிவைக் காப்பதும் ஒன்றாகாது. லைனிங் அடித்த கருவிகள், பிளேட்டை மையத்தில் நிறுத்தச் செய்த மரத்துண்டுகள், பட்டறைக் கணக்கு நோட்டுகள், சோழவரத்துப் பந்தயச் சீட்டுகள், பழகுநர்களாகச் சேர்ந்த சிறுவர்களின் நினைவுகள் ஆகியவை எந்தக் கண்ணாடிப் பேழையிலும் இல்லை. அவற்றைத் தேடித் தொகுப்பது தொழிற்பயிற்சி நிலையங்களாலும் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளாலும் செய்யக்கூடிய காரியம். வயதான மெக்கானிக்குகளை இருத்தி ஒலிப்பதிவு செய்ய ஒரு கைபேசி போதும்.

படவேட்டுக்கே திரும்புவோம். மோட்டார்த் தொழிலுக்கும் இவ்வூருக்கும் ஒரு நேரடி உறவு உண்டு. மதுரைப் பஸ்ஸில் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்தின் சீனிவாசன் சேவை அறக்கட்டளை இவ்வட்டாரத்தில் கிராம வளர்ச்சிப் பணி செய்துவருகிறது. சிதைந்து மண் மூடிக் கிடந்த இவ்வூர்க் கோயில்கள் பல அண்மைக் காலத்தில் திருப்பணி கண்டு எழுந்திருக்கின்றன. சம்புவராயர்களின் அரண்மனை இன்று இல்லை, படையும் இல்லை. ஆனால் அவர்கள் யார், எப்போது ஆண்டார்கள், யாருக்கு என்ன கொடை தந்தார்கள் என்பதை நாம் அறிவோம், ஏனென்றால் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். அந்தப் படைவீட்டில் வாளை வடித்த கொல்லரின் பெயரும் தேர்ச்சக்கரம் பூட்டிய தச்சரின் பெயரும் நமக்குத் தெரியாது. எழுநூறு ஆண்டுக்கு முன் கைத்தொழிலாளிக்கு நேர்ந்த அந்த மறதி, சோழவரத்து மெக்கானிக்குக்கும் நேர்ந்துவிடக் கூடாது. அவர்களில் பலர் இன்னும் நம்மோடு உயிரோடு இருக்கிறார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவரிடம் போய் உட்கார்ந்து, அவர் மாட்டிய முதல் கிளட்ச்சைப் பற்றிக் கேட்டு எழுதி வையுங்கள்.